நல்ல நுரையைச் சந்தேகித்தவர்

வெள்ளிக்கிழமை மாலை கைபேசியில் ஒரு மரண அறிவிப்பு வந்தது. எங்கள் ஆய்வகத்தில் வேலை செய்யும் செல்வி அக்கா அனுப்பியிருந்தார். காரைக்காலில் இருப்பவர்களுக்கு இந்த அறிவிப்புகளின் நடை தெரியும். இன்ன தெருவைச் சேர்ந்த மர்ஹூம், அதாவது காலஞ்சென்ற, இன்னாரின் மகனாரும், இன்னாரின் மருமகனாரும், இன்னாரின் மச்சானும், இன்னாரின் தகப்பனாரும் என்று உறவுகளெல்லாம் வரிசையாக வந்து நின்ற பிறகு, கடைசியில்தான் இறந்தவர் வருவார். கோட்டுச்சேரியைத் தாண்டி வந்துகொண்டிருந்த பேருந்தில் நின்றபடியே படித்தேன். பெயரை எட்டிய பிறகும் யாரென்று பிடிபடவில்லை. ஷேக் தாவூது என்று நாங்கள் யாரும் அவரைக் கூப்பிட்டதே இல்லை. அடுத்த செய்தியில் செல்வி அக்கா இரண்டே சொற்கள் எழுதியிருந்தார்: "நம்ம நானா."

கடலோர முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள், அக்காவை லாத்தா என்பார்கள். ஆய்வகத்தில் மதம், வயது, பதவி எதையும் பார்க்காமல் எல்லோருக்கும் அவர் நானாதான். அறிவிப்பில் அவருடைய எல்லா உறவுகளும் இருந்தன, வேலை இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அவருடைய தெருவில் பலருக்கு, சபர் என்று அவர்கள் சொல்லும் வெளிநாட்டு வேலையிலிருந்து திரும்பிய தாவூது கடைசி வருடங்களில் எங்கே போய் என்ன செய்துவிட்டு வந்தார் என்பது சரியாகத் தெரியாது என்று அன்று அங்கே போனபோது புரிந்தது. "ஏதோ கல்லு அரைக்கிற எடமாமே" என்று ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார். தெருக்காரர்களும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். ஆய்வகத்தில் அவரோடு இருந்தவர்கள், தெரிந்த விளக்கங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆய்வகத் தலைவர் கணேசன் சார் வாசலில் ஆண்களோடு நின்றுவிட, செல்வி அக்காவும் நானும் உள்ளே போனோம். நானாவின் மனைவி பரீதா லாத்தா எங்களைப் பார்த்ததும் பக்கத்தில் இடம் விட்டார். "ஜும்மா முடிஞ்சு வந்தாங்க. சாப்பிட்டாங்க. மீன் ஆணத்துல உப்பு கம்மின்னாங்க. கை கழுவிட்டு வந்து சாய்ஞ்சாங்க, அவ்வளவுதாம்மா" என்றார். பிறகு, அழுகைக்கு நடுவிலேயே, "உப்பு கம்மின்னு சொல்லிட்டு மூணாவது தடவையும் போட்டுச் சாப்பிட்டாங்க" என்றார். சுற்றி இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்த வீட்டில் அந்தச் சிரிப்பு தவறாகத் தோன்றவில்லை.

நானா ஆய்வகத்துக்கு வந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வளைகுடாவில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பல வருடங்கள் பொறியாளராக இருந்துவிட்டு, எங்கள் திட்டத்துக்கு ஒப்பந்த வேலையில் சேர்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசனை, பளபளவென்று செருப்பு. புதிதாக வருகிறவர்கள் முதலில் இயந்திரங்களைத்தான் பார்ப்பார்கள். அவர் குழாய்களைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு குழாயிலும் உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்து நாக்கில் வைத்தார். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரை வைத்தவர் அப்படியே தொட்டியில் துப்பினார்.

"இது கெணத்துத் தண்ணி இல்ல. கடலு வேஷம் மாத்திக்கிட்டு வந்திருக்கு."

செல்வி அக்கா பதறிவிட்டார். "குடிக்கிறதுக்குக் கேன் இருக்கு சார். அது பாத்திரம் கழுவுறதுக்கு."

"என்னை சாருன்னு சொல்லாதீங்க. சாருன்னாலே ஏர்போர்ட்ல யாரோ பாஸ்போர்ட் கேக்குற மாதிரி இருக்கு."

அன்று மாலைக்குள் அவர் எல்லோருக்கும் நானா ஆகிவிட்டார். நான் அவருக்குத் தங்கச்சி. நான் அவருக்கு முன்பே அங்கே சேர்ந்துவிட்டதால் அலுவலகக் கணக்கில் அவருக்கு ஒரு படி மேலே இருந்தேன். யாராவது பார்க்க வந்தால், "இவங்கதான் எங்க மேலதிகாரி, இவங்க உத்தரவு இல்லாம நுரைகூட வராது" என்று அறிமுகப்படுத்துவார். எனக்குக் கூச்சத்தில் எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல் இருக்கும். அதைப் பார்ப்பதற்காகவே சொல்வார்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது இதுதான். கைபேசியின் ஒலிபெருக்கியிலும் காற்றாலையிலும் மின்சார வண்டியின் மோட்டாரிலும் இருக்கும் வலுவான காந்தங்களுக்கு அருமண் தனிமங்கள் வேண்டும். நம் நாட்டில் அவற்றைக் கடற்கரை மணலில் இருந்து பிரிப்பது பழகிய வழி. எங்களுக்கு வந்த சரக்கு வேறு. உள்நாட்டில் ஒரு பழைய கல் குவாரியில் வேறு எதற்கோ கல்லை உடைத்து எடுத்துக்கொண்டு, வேண்டாம் என்று மலைபோல் குவித்து வைத்திருந்த தூள். அதில் மிகக் கொஞ்சமாக, மிகப் பொடியாக, இந்தத் தனிமங்களைக் கொண்ட துகள்கள் இருந்தன. யாரும் தாது என்று மதிக்காத அந்தக் கழிவில் இருந்து அவற்றைப் பிரிக்க முடியுமா என்பது கேள்வி.

அதற்கு நுரை மிதப்பு முறை. தூளை முகப்பவுடர் அளவுக்கு அரைத்துத் தண்ணீரில் கலக்க வேண்டும். சோப்புக்கு நெருங்கிய உறவான ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அது நமக்கு வேண்டிய துகள்களின் மேல் மட்டும் படிந்து, அவற்றைத் தண்ணீரோடு ஒட்டாமல் செய்துவிடும். கீழிருந்து காற்றை ஊதினால் அந்தத் துகள்கள் குமிழியைப் பற்றிக்கொண்டு மேலே வரும். நுரையை வழித்து எடுத்துவிடலாம். மற்ற கல்லெல்லாம் அடியிலேயே கிடக்கும். சொல்லும்போது எளிது. செய்யும்போது, கல்லுக்கும் மருந்துக்கும் தண்ணீருக்கும் நடக்கும் சண்டையில் நாம் வெறும் சாட்சிகள்.

"கடலுக்குப் பக்கத்துல உக்காந்துகிட்டு மலைக் கல்லை அரைக்கிறோம். வெளியில சொல்லாதீங்க, சிரிப்பாங்க" என்பார் நானா.

அவருக்குக் கல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதை அவர் மறைக்கவும் இல்லை, அதற்காகக் குரலைத் தாழ்த்திக்கொள்ளவும் இல்லை. நுரை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது என்று அடித்துச் சொல்வார். கண்டதையும் சேர்த்துத் தூக்கிவரும் நுரையைவிட மெலிந்த நுரை மேல் என்று நானும், புத்தகங்களும், கணேசன் சாரும் சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. வேண்டாத துகள்களை அடியில் அமுக்கி வைக்க மாவுக் கரைசல் காய்ச்சுவோம். ஒருநாள் வாதம் செய்துகொண்டே காய்ச்சியதில் அது தீய்ந்து பாத்திரத்தோடு பிடித்துக்கொண்டது. செல்வி அக்கா அதைச் சுரண்டியபடியே, "அல்வா கிண்டுறதுன்னா நெய்யி ஊத்தணும் நானா" என்றார். நானா அந்த வாரக் கடைசியில் முடிவுகளை எல்லாம் எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, "சரி, நுரை விஷயத்துல தோத்துட்டேன். டீ சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

தோற்பதில் அவருக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. ஒரு சோதனை மோசமாக வந்தால் தலையை ஆட்டிவிட்டு டீக்குப் போய்விடுவார். நன்றாக வந்தால்தான் அவருக்கு நிம்மதி போய்விடும். நாங்கள் எல்லோரும் நேர்மாறு. மோசமாக வந்ததை மறுபடி செய்வோம், நன்றாக வந்ததைப் பத்திரப்படுத்துவோம். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "மோசமான ரிசல்ட்டு எதுக்கு தங்கச்சி பொய் சொல்லப்போவுது? அதுக்கு அதுல என்னா லாபம்?" என்றார்.

சேர்ந்து சில மாதங்கள் கழித்து அவர்தான் அதைக் கேட்டார். "குவாரியில என்னா தண்ணி?"

எங்களில் யாருக்கும் தெரியவில்லை. சோதனைகளை எல்லாம் நாங்கள் காய்ச்சி வடித்த தண்ணீரில் செய்துகொண்டிருந்தோம். எல்லா ஆய்வகங்களிலும் தொடக்கத்தில் அப்படித்தான் செய்வார்கள். முடிவுகள் நன்றாகவே இருந்தன. நானா குவாரிக்குத் தொலைபேசியில் பேசி, அடுத்த லாரியில் தூள் மூட்டைகளோடு அங்கிருக்கும் ஆழ்குழாய்த் தண்ணீரையும் கேன்களில் அனுப்பச் சொன்னார். வந்ததும் மூடியைத் திறந்து நாக்கில் வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம தண்ணியோட அண்ணன்!"

அந்தத் தண்ணீரில் சோதனையைப் போட்டோம். உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த தண்ணீரில் சோப்பு எப்படித் திரிதிரியாகப் போகுமோ, எங்கள் மருந்தும் அப்படியே போனது. நுரை திரிந்த பால் போல மேலே கிடந்தது. வேண்டியது எதுவும் வரவில்லை. கேன்கள் தீர்ந்த பிறகு எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரில் போட்டோம். அதுவும் அப்படியே.

எனக்குக் கோபம் வந்தது. அந்த மருந்தின் அளவு, மாவின் அளவு, கலக்கும் நேரம் எல்லாம் நான் பார்த்துப் பார்த்து அமைத்தவை. "ஆலை வரும்போது தண்ணியைச் சுத்தம் பண்ணிக்குவாங்க நானா. அது வேற விஷயம்" என்றேன்.

"அவ்வளவு தண்ணியையுமா? நான் இத்தனை வருஷமா அதைத்தானே பண்ணுனேன். காந்தம் செய்யிற கல்லை எடுக்குறதுக்கு மின்சாரத்தைக் கொட்டித் தண்ணி வடிச்சா, கல்லை அங்கயே விட்டுடலாம்."

"அப்ப என்னோட வேலையெல்லாம் வீண்ங்கிறீங்களா?"

"கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. உங்க வேலை நல்ல தண்ணியில நல்லா இருக்கு. நான் நல்ல மனநிலையில நல்லவன். அது மாதிரி."

சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் செல்வி அக்கா எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரே தட்டில் சுண்டலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அந்த நேரத்தில் அவருக்கு என்ன ஆபத்து காத்திருந்தது என்று எனக்குத் தெரியாது. பரீதா லாத்தாதான் சொன்னார். ஒரு மதியம் நானா மறந்துவிட்டுப் போன மாத்திரையைக் கொடுக்க ஆய்வகத்துக்கு வந்தவர், என்னோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து நானா சபரில்தான். வருவார், விடுமுறை முடியும், போவார். மகள் பிறந்தபோது இல்லை, அவருடைய வாப்பா மௌத்தானபோது இல்லை. மகளின் நிக்காஹ் முடிந்ததும் இனிப் போவதில்லை என்று வந்துவிட்டார். ஊரிலேயே இருக்கும்படி அவருக்குக் கிடைத்த முதல் வேலை எங்களுடையது. "இந்த வேலையை நீட்டிக் குடுத்தா இருப்பாங்க. இல்லேன்னா பழைய கம்பெனி விசா ரெடியா வச்சிருக்கு. ஏஜெண்ட் வாரத்துக்கு ஒருக்கா போன் பண்றாரு" என்றார் லாத்தா. "உங்க கல்லு நல்லா வரணும்னு நான் துஆ கேட்டுக்கிட்டு இருக்கேம்மா."

திட்டத்தை நீட்டிப்பதா முடிப்பதா என்று பார்க்க, நோன்புப் பெருநாள் கழிந்ததும் மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. அதுவரை எல்லோரும் வடித்த தண்ணீரின் முடிவுகளைச் சீராக்கிக்கொண்டிருந்தோம். நானா மட்டும் உப்புத் தண்ணீரில் விடாமல் தோற்றுக்கொண்டிருந்தார். தன் வேலையைத் தானே அரித்துக்கொள்கிறார் என்று எனக்குப் பட்டது. லாத்தா சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. அடுத்தவர் வீட்டு விஷயத்துக்குள் போகும் பழக்கம் எனக்கு இல்லை.

நோன்பு மாதம் வந்தது. நானா ஒரு மாலை பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியைப் பெரிய தூக்கில் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். லாத்தா வாடா என்ற இறால் பலகாரமும் சமோசாவும் கொடுத்தனுப்பியிருந்தார். பாங்கு சொன்னதும் அவர் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார். நோன்பு வைக்காத நாங்கள் அதற்கு முன்பே சமோசாவைத் தீர்த்திருந்தோம். "நோம்பு எனக்கு, பசி உங்களுக்கு" என்றார். செல்வி அக்காவுக்கு அன்று பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதனால் நானாவே கஞ்சித் தூக்கு, கிண்ணங்கள், கூடவே கிடந்த நுரைத் தொட்டி எல்லாவற்றையும் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை வழக்கம்போல உப்புத் தண்ணீரில் சோதனையைப் போட்டோம். காற்றைத் திறந்ததும் நுரை எழும்பியது. திரியவில்லை. பழுப்பு நிறத் துகள்களைச் சுமந்துகொண்டு, உறுதியான குமிழிகளாக, விளிம்பைத் தாண்டி வழிந்தது. நான் வழித்துக்கொண்டே இருந்தேன். கணேசன் சார் தன் அறையிலிருந்து ஓடிவந்தார். செல்வி அக்கா கையைத் தட்டினார். நானா வெளியே போய் லாத்தாவுக்குப் போன் செய்தார். கதவு வழியே கேட்டது: "ஆமா. வந்துடுச்சு. உப்புத் தண்ணியிலயே வந்துடுச்சு. ஏஜெண்ட் கூப்பிட்டா எடுக்காதே."

நான் அவரை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் பார்த்ததில்லை. கணேசன் சார், "இதை முதல் பக்கத்துல வச்சிடலாம்" என்றார்.

நானா உள்ளே வந்து நுரை படிந்த தட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னொரு தடவை போட்டுப் பாப்போம்" என்றார்.

"வேணாம் நானா" என்று நான் உண்மையாகவே கெஞ்சினேன்.

தொட்டியை நன்றாக அலசி, அதே தூள், அதே தண்ணீர், அதே அளவில் போட்டோம். நுரை வந்தது, ஆனால் மெலிந்திருந்தது. மறுபடி அலசிப் போட்டோம். திரிந்த பால்.

நானா அந்தக் காலையில் வேறாக இருந்தது எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். மருந்து அதேதான். மாவு அதேதான். கடைசியில் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய், பஞ்சை எடுத்து மோந்து பார்த்தார். எலுமிச்சை வாசனை. நுரைத் தொட்டியைச் செல்வி அக்கா ஒருநாளும் சோப்புப் போட்டுக் கழுவமாட்டார். நானாவோ, கஞ்சியின் தேங்காய்ப்பாலும் நெய்யும் போக வேண்டுமே என்று பாத்திரம் கழுவும் திரவத்தைத் தாராளமாக ஊற்றி, அதே பஞ்சால் தொட்டியையும் தேய்த்திருக்கிறார். மூலையில் தங்கிய அந்தச் சோப்புதான் எங்கள் காலை நேரத்து வெற்றி.

அவர் முதலில் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். "நோம்புக் கஞ்சியோட பரக்கத்துன்னு நெனச்சேன், கடைசியில பாத்திரச் சோப்பு!" பிறகு வெளியே போய் மறுபடி போன் செய்தார். இந்த முறை குரல் கேட்கவில்லை.

குழு வந்த அன்று காலை கணேசன் சார் எங்களைக் கூப்பிட்டு, "வடிச்ச தண்ணி ரிசல்ட்டைச் சொல்லுவோம். அது உண்மைதானே? உப்புத் தண்ணி கதையை அவங்களா கேட்டா பாத்துக்கலாம்" என்றார். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எங்கள் எல்லோருடைய வேலையையும் தாங்கிப் பிடிக்கப் பார்த்தார். நானாவும் சரி என்று தலையாட்டினார். நான் என் முடிவுகளைச் சொன்னேன். குழுவில் இருந்த அம்மையார் பாராட்டினார். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும் நேரம், அவர் மரியாதைக்காக நானா பக்கம் திரும்பி, "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

"நீங்க குவாரித் தண்ணியைப் பத்திக் கேக்கலீங்களே" என்றார் நானா.

அடுத்த ஒரு மணி நேரம் அவர் தன் தோல்விகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பாத்திரச் சோப்புக் கதையையும் விடவில்லை. குழுவில் இருந்த இன்னொருவர், "அப்போ இந்த முறை தோத்துப்போச்சுன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க. அந்தச் சோப்பு ஏன் இந்தத் தண்ணியில தோக்கலைன்னு எனக்குத் தெரியலைன்னு சொல்றேன்." அவர்கள் எதையும் குறித்துக்கொள்ளாமல் கேட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். கணேசன் சார் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பதில் வரவில்லை. வாரங்கள் போயின. விசா வந்துவிட்டது. நானா சொல்லவில்லை, செல்வி அக்கா கண்டுபிடித்துச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை லாத்தா வட்டலாப்பம் என்ற இனிப்பைச் செய்திருப்பதாக எங்கள் இருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். இது வழியனுப்புதான் என்று நினைத்துக்கொண்டே போனோம். சாப்பிட்டு முடித்ததும் செல்வி அக்காதான் துணிந்து, "என்னைக்கு நானா பயணம்?" என்றார்.

"போகல."

லாத்தா கையில் இருந்த கிண்ணத்தை வைத்துவிட்டுப் பார்த்தார். அவருக்கும் அது புதுச் செய்தி.

"வேலை வரும்னு உறுதியா தெரியலியே நானா" என்றேன்.

"தெரியாதுதான். ஆனா அந்த நுரை ஏன் வந்துச்சுன்னு தெரியாம எப்படித் தங்கச்சி போறது? அங்க போயி ராத்திரியெல்லாம் அதையே நெனச்சுக்கிட்டுல்ல கெடப்பேன்."

லாத்தா எங்களைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டுக்கிட்டீங்களா? இத்தனை வருஷமா நான் அழுதப்ப நிக்கல. நுரைக்காக நிக்கிறாங்க."

"ரெண்டும் ஒண்ணுதான் பரீதா."

"என்னா ஒண்ணு? நான் பாத்திரச் சோப்பா?"

சொல்லிவிட்டு லாத்தா அவருக்கு இன்னொரு துண்டு வட்டலாப்பம் வைத்தார். அது அந்த வீட்டிலேயே பெரிய துண்டு.

நீட்டிப்பு ஒருவழியாக வந்தது. கேட்டதில் பாதிக் காலத்துக்குத்தான். உப்புத் தண்ணீர்ப் பிரச்சினையை மட்டும் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பார்த்தோம். எங்கள் மருந்து பழைய சவர்க்காரக் கட்டியின் இனம், சுண்ணாம்புத் தண்ணீரைக் கண்டால் திரியும். பாத்திரம் கழுவும் திரவம் வேறு இனம், அதற்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் அது வேண்டியது வேண்டாதது எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிவிடும். அந்த அழகான காலை நுரையைப் பகுப்பாய்வுக்கு அனுப்பியிருந்தோம். பெரும்பாலும் வெறும் கல். "நுரை விஷயத்துல ரெண்டாவது தடவை தோத்துட்டேன்" என்றார் நானா. முதலில் தண்ணீரில் சலவைச் சோடாவைப் போட்டு சுண்ணாம்பைப் படிய வைத்து, பிறகு எங்கள் மருந்தோடு அந்த இரண்டாவது இனத்தில் ஒரு துளி மட்டும் சேர்த்தால், உப்புத் தண்ணீரிலும் துகள்கள் ஏறிவந்தன. வடித்த தண்ணீரின் அளவுக்கு இல்லை. அதற்குக் கணிசமாகக் கீழேதான். ஆனால் அலசினாலும் மாறவில்லை. கோடையில் கிணற்றில் உப்பு ஏறியபோதும், மழைக்குப் பிறகு இறங்கியபோதும் நின்றது. செல்வி அக்கா கையால் போட்டாலும் நின்றது. உலகம் இதைப் பற்றிப் பேசவில்லை, பேசவும் வேண்டாம். அந்த வேலையைப் பார்த்துத் திட்டத்தை அடுத்தடுத்து நீட்டித்தார்கள். நானா கடைசிவரை அவருடைய ஊரில், அவருடைய வீட்டில் இருந்து சாப்பிட்டுவிட்டு வேலைக்கு வந்தார்.

போன வாரம் லாத்தாவைப் பார்க்கப் போனேன். கணவரை இழந்தவர்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தாவில் இருக்கிறார், வெளியே வருவதில்லை. என்னைப் போல யாராவது போய்ப் பேசிக்கொண்டிருந்தால் அவருக்கு ஆறுதல். பேச்சு எங்கெங்கோ போய் அந்த ஏஜெண்டிடம் வந்தது. நானா விசாவை வேண்டாம் என்ற பிறகும் அந்த ஆள் விடவில்லையாம், ஒவ்வொரு வருடமும் கூப்பிடுவாராம். நானாவும் ஒவ்வொரு முறையும் எடுத்து, என்ன வேலை, எந்த ஊர், எப்போது போக வேண்டும் என்று எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு வேண்டாம் என்பாராம்.

"எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கும். அதான் வேணாம்னு முடிவு பண்ணிட்டீங்களே, பின்ன எதுக்கு எல்லாத்தையும் கேக்குறீங்கன்னு ஒருநாள் சத்தம் போட்டேம்மா" என்றார் லாத்தா. "அதுக்கு என்னா சொன்னாங்க தெரியுமா? இன்னொரு தடவை கேட்டாலும் வேணாம்னுதான் மனசு சொல்லுதான்னு பாக்குறேன் பரீதா, சொல்லுது, அப்படின்னாங்க. போன மாசமும் கேட்டாங்க. போன மாசமும் அதேதான்."

நான் அவரிடமிருந்து வைத்துக்கொள்வது இதைத்தான். எனக்கு ஒரு நல்லது நடக்கும்போது உடனே அதைத் தூக்கி உள்ளே பத்திரப்படுத்திக்கொள்ளாமல், அலசிவிட்டு, இன்னொரு முறை போட்டுப் பார்ப்பது. இரண்டாம் முறையும் அது நின்றால் அவர் எப்படிச் சந்தோஷப்படுவார் என்று பார்த்திருக்கிறேன். கொஞ்சம் தாமதமாக, மிச்சம் வைக்காமல்.